புதிய கொள்முதல் விதி வந்ததும் அலுவலகத்தில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்

மத்திய அரசு அலுவலகம் ஒன்றிலோ அதன் கீழுள்ள தன்னாட்சி நிறுவனத்திலோ கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். வந்த வாரமே நிதி அமைச்சகத்தின் செலவினத் துறையிலிருந்து ஒரு குறிப்பாணை மேசைக்கு வருகிறது. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் இன்ன விதி திருத்தப்பட்டது என்கிறது. பார்த்ததாகக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டு, அடுத்த டெண்டரைப் பழைய படிவத்திலேயே வெளியிடுவது பல அலுவலகங்களில் நடக்கிறது. தணிக்கையில் அது ஆட்சேபமாக வரும்போது, பதில் எழுதும் இடத்தில் இருப்பவர் அப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்தான்.

விதியில் மாறுவது ஓர் எண்ணாக இருக்கலாம். ஆனால் அந்த எண் இன்டென்ட் (பொருள் வேண்டும் என்று பிரிவுகள் தரும் கோரிக்கை) படிவத்தில், டெண்டர் ஆவணத்தில், வங்கி உத்தரவாத மாதிரியில், மதிப்பீட்டுக் குழுவின் அட்டவணையில், பணம் வழங்கும் பிரிவின் சரிபார்ப்புப் பட்டியலில் என ஐந்தாறு இடங்களில் உட்கார்ந்திருக்கும். ஓர் இடத்தை விட்டாலும் டெண்டர் தனக்குத்தானே முரண்படும். அதைத் தவிர்ப்பதற்கான வரிசைதான் கீழே உள்ளது.

தமிழ்நாடு அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். இங்கே சொல்லும் விதி எண்களை அங்கே எடுத்துச் செல்லாதீர்கள்.

1. குறிப்பாணையை நான்கு கேள்விகளோடு படியுங்கள்

எந்த விதி மாறியது? யாருக்குப் பொருந்தும்? எந்தத் தேதியிலிருந்து? எந்தப் பழைய ஆணை ரத்தாகிறது? இந்த நான்குக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக் குறிப்பாணையின் மேல் குத்தி வையுங்கள். கொள்முதல் விதிகள் பொது நிதி விதிகளின் 6ஆம் அத்தியாயத்தில், விதி 142 முதல் 206 வரை இருக்கின்றன. அவற்றுக்கு விளக்கமாகச் செலவினத் துறை பொருட்கள், பணிகள், ஆலோசனைச் சேவைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கையேடுகள் வெளியிடுகிறது. பொருட்களுக்கான கையேடு 2024இல் திருத்தி வெளியிடப்பட்டது. அலமாரியில் இருக்கும் 2017ஆம் ஆண்டு அச்சுப் பிரதியை அப்புறப்படுத்துங்கள். அது கண்ணில் படும்வரை யாராவது அதிலிருந்து எடுத்து எழுதுவார்கள்.

‘யாருக்கு’ என்ற கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2025 ஜூனில் அறிவியல் துறைகளுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் மட்டும் வரம்புகள் உயர்த்தப்பட்டன. அறிவியல் கருவிகளையும் ஆய்வுப் பொருட்களையும் விலைப்புள்ளி கேட்காமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாய் ஆனது. மூவர் குழு சந்தையில் விசாரித்து வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும், தேர்ந்தெடுத்த விற்பனையாளர்களை மட்டும் அழைக்கும் வரையறுக்கப்பட்ட டெண்டரின் வரம்பு 50 லட்சத்திலிருந்து 1 கோடியாகவும் உயர்ந்தன. பொது அலுவலகங்களுக்கு இந்த எண்கள் பொருந்தா. அவற்றின் வரம்பு குறைவு. ஆராய்ச்சி நிறுவனத்திலேயே கூட, நிர்வாகக் கட்டடத்துக்கு நாற்காலி வாங்க இந்தச் சலுகையைப் பயன்படுத்தக் கூடாது. பக்கத்து வளாகத்தில் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்ற வாய்மொழி கோப்பில் ஆதாரமாக நிற்காது.

2. கையில் இருக்கும் கோப்புகளை நான்கு கட்டாகப் பிரியுங்கள்

இதற்கு ஒரு நாள் போதும். ஆனால் குறிப்பாணை வந்த அதே வாரத்தில் செய்யுங்கள்.

முதல் கட்டு, இன்டென்ட் மட்டும் வந்திருப்பவை. இவை முழுக்கப் புதிய விதிப்படி போகும்.

இரண்டாம் கட்டு, ஒப்புதல் பெற்று இன்னும் வெளியிடாதவை. ஆபத்து இங்கேதான் அதிகம். ஒப்புதல் கிடைத்துவிட்டதே என்று பழைய ஆவணத்தை அப்படியே ஏற்றிவிடுவார்கள். மாறிய பிரிவுகளை மட்டும் குறிப்பிட்டு, ஒப்புதல் தந்த அதிகாரிக்கே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பித் திருத்திய ஆவணத்துக்கு மறு ஒப்புதல் வாங்குங்கள்.

மூன்றாம் கட்டு, வெளியிட்டாகிவிட்டது, கடைசித் தேதி வரவில்லை. குறிப்பாணை அப்படிப்பட்ட டெண்டர்களுக்கும் பொருந்தும் என்றால் திருத்த அறிவிப்பு வெளியிட்டு, கடைசித் தேதியைத் தள்ளிவையுங்கள். தேதியைத் தள்ளாமல் நிபந்தனையை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே விலை போட்டு அனுப்பியவர் புகார் செய்ய நியாயம் கிடைத்துவிடும்.

நான்காம் கட்டு, திறந்துவிட்டவை. வெளியிட்ட ஆவணத்தில் என்ன அளவுகோல் இருந்ததோ அதன்படிதான் மதிப்பிட வேண்டும். புதிய விதி நல்லதாகவே தோன்றினாலும் திறந்த பிறகு அளவுகோலை மாற்றாதீர்கள்.

3. வரம்பு உயர்ந்தால் உங்கள் அதிகாரம் உயர்ந்ததா என்று பாருங்கள்

பொது நிதி விதிகள் கொள்முதல் முறையைத்தான் சொல்கின்றன. இன்ன பதவியில் இருப்பவர் இவ்வளவு வரை ஒப்புதல் தரலாம் என்பது உங்கள் அலுவலகத்தின் நிதி அதிகாரப் பகிர்வு ஆணையில் இருக்கிறது. மூவர் குழு 25 லட்சம் வரை வாங்கலாம் என்று விதி சொன்னாலும், உங்கள் பிரிவுத் தலைவரின் ஒப்புதல் அதிகாரம் 5 லட்சம் என்றால் அதற்கு மேல் அடுத்த நிலை அதிகாரிக்குத்தான் போக வேண்டும். தன்னாட்சி நிறுவனங்களில் இந்த ஆணையை மாற்ற நிதிக் குழுவும் ஆட்சிமன்றக் குழுவும் கூட வேண்டியிருக்கும். அவை ஆண்டுக்குச் சில முறைதான் கூடும். எனவே குறிப்பாணை வந்தவுடன் அடுத்த கூட்டத்துக்கான பொருளாக அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை எது குறைவோ அந்த வரம்பையே பின்பற்றுங்கள்.

உயர்ந்த வரம்புக்குள் அடக்குவதற்காகத் தேவையைத் துண்டு போடுவது இன்னொரு பொறி. விதி 157 இதைத் தடுக்கிறது. ஒரே பொருளுக்கு, ஒரே மாதத்தில், ஒரே விற்பனையாளரிடம் மூன்று ஆணைகள் இருந்தால் தணிக்கையாளர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். தேவைகள் உண்மையிலேயே வெவ்வேறு நேரத்தில் எழுந்தவை என்றால், அதற்கான இன்டென்ட் தேதிகளும் காரணமும் கோப்பில் இருக்கட்டும்.

4. படிவங்களைச் சலித்தெடுங்கள்

நேரம் அதிகம் பிடிப்பதும் பலன் அதிகம் தருவதும் இந்தப் படிதான். அலுவலகத்தில் பயன்பாட்டில் உள்ள எல்லா டெண்டர் மாதிரிகளையும் ஒரே கோப்புறையில் சேருங்கள். ஒவ்வொருவர் கணினியிலும் ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்று பெயரிட்ட பிரதிகள் இருக்கும்; அவற்றையும் விடாதீர்கள். பிறகு கீழே உள்ள இடங்களை ஒவ்வொரு மாதிரியிலும் தேடுங்கள்.

நிறைவேற்றப் பிணையம், அதாவது வெற்றி பெற்றவர் கட்டும் செக்யூரிட்டி டெபாசிட், முன்பு ஒப்பந்த மதிப்பில் 5 முதல் 10 சதவீதம். இப்போது விதி 171இன்படி 3 முதல் 5 சதவீதம். ‘10 சதவீதம்’ என்ற வரி இன்னும் பல படிவங்களில் இருக்கிறது. சிறப்பு நிபந்தனைகளில் 3 என்றும் பொது நிபந்தனைகளில் 10 என்றும் ஒரே ஆவணத்தில் இரண்டு எண் இருப்பதும் உண்டு.

இ.எம்.டி. என்பது டெண்டரில் பங்கேற்பவர் விலைப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகை. அதற்குப் பதில் உறுதிமொழிக் கடிதம் மட்டுமே கேட்கும் வழக்கம் 2020 நவம்பரில் பெருந்தொற்றுக்காலச் சலுகையாக வந்தது. அந்தச் சலுகைக் காலத்தில் எழுதிய படிவத்தை இன்றும் நகலெடுக்கும் அலுவலகம் இ.எம்.டி.யே வாங்காமல் டெண்டர் நடத்திவிடுகிறது.

பிணையம் எந்த வடிவில் ஏற்கப்படும் என்ற பட்டியலில் டிமாண்ட் டிராஃப்ட், வைப்புநிதி ரசீது, வங்கி உத்தரவாதம் மட்டும் இருந்தால் அது பழைய பட்டியல். காப்பீட்டு நிறுவனங்கள் தரும் ஜாமீன் பத்திரமும் 2022 முதல் ஏற்கத்தக்கது. பட்டியலில் இல்லையென்று அதை நிராகரித்தால் நிராகரிப்பு நிற்காது.

சிறு தொழில் நிறுவனங்களுக்கு ‘உத்யோக் ஆதார்’ சான்று கேட்கும் வரியை நீக்குங்கள். 2020 ஜூலை 1 முதல் உத்யம் பதிவுதான்.

நில எல்லை நாடுகளைப் பற்றிய நிபந்தனை விதி 144இன் 11ஆம் உட்பிரிவிலும் 2020 ஜூலை 23ஆம் தேதி ஆணையிலும் இருக்கிறது. இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாட்டைச் சேர்ந்த விற்பனையாளர், உரிய அதிகாரியிடம் பதிவு பெற்றிருந்தால் மட்டுமே பங்கேற்கலாம். இந்திய நிறுவனமாக இருந்தாலும் இது பற்றிய சான்றுறுதி எல்லாரிடமும் வாங்க வேண்டும். அந்த மாதிரிப் படிவம் உங்கள் ஆவணத்தில் இணைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சலித்து முடித்ததும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பதிப்பு எண்ணும் தேதியும் கொடுங்கள். முதல் பக்கத்தில் ‘இந்தத் தேதி வரையிலான குறிப்பாணைகள் சேர்க்கப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி போடுங்கள். பழையவற்றை அழித்துவிடாமல், யாரும் திறந்து திருத்த முடியாத ஆவணக் காப்பில் வையுங்கள். நடப்பில் உள்ள பழைய ஒப்பந்தங்களுக்கு அவை தேவைப்படும்.

5. இன்டென்ட்டும் மதிப்பீடும்

இன்டென்ட் படிவத்தில் ஆறு இருக்க வேண்டும்: பொருளின் விவரக்குறிப்பு, எண்ணிக்கை, தேவைக்கான காரணம், மதிப்பீட்டுத் தொகையும் அது வந்த வழியும், நிதி ஒதுக்கீட்டுத் தலைப்பு, பொருள் வேண்டிய தேதி. மதிப்பீடு என்பது வரி, ஏற்றிவரும் செலவு, பொருத்தும் செலவு எல்லாம் சேர்ந்த தொகை. வரியில்லாமல் 9.6 லட்சம் என்று போட்டு ஒரு வரம்புக்குள் காட்டிவிட்டு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 11.33 லட்சத்துக்கு ஆணை கொடுப்பது கேள்விக்கு வாசல்.

ஒரே ஒரு விற்பனையாளரிடம் விலைப்புள்ளி வாங்கி அதையே மதிப்பீடாக வைக்காதீர்கள். அவர் எழுதித்தரும் விவரக்குறிப்பும் சேர்ந்தே வரும், அதில் அவருடைய பொருளுக்கு மட்டும் பொருந்தும் ஓர் அளவு ஒளிந்திருக்கும். உயரம் 1,742 மி.மீ. என்பது போன்ற விசித்திரமான எண் கண்ணில் பட்டால், இந்த அளவு பயன்பாட்டுக்கு ஏன் வேண்டும் என்று இன்டென்ட் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். ‘1,700 முதல் 1,800 வரை’ என்று மாற்றினாலே போட்டி திறந்துவிடும்.

6. முதலில் ஜெம் தளம்

அரசு அலுவலகங்கள் வாங்குவதற்கான இணையச் சந்தையான ஜெம் தளத்தில் கிடைக்கும் பொருளையும் சேவையையும் அங்கேதான் வாங்க வேண்டும் என்பது விதி 149. வெளியே போக வேண்டுமென்றால், அந்தப் பொருள் தளத்தில் இல்லை என்று தளமே தரும் கிடைப்பு அறிக்கையை எடுத்து அதன் அடையாள எண்ணைக் கோப்பிலும் டெண்டரிலும் குறிப்பிட வேண்டும். திரையைப் படம்பிடித்து ஒட்டுவது இதற்கு ஈடாகாது. அறிக்கையை டெண்டருக்கு ஒப்புதல் வாங்கும் முன்பே எடுங்கள்; டெண்டர் முடிந்த பிறகு எடுத்த தேதி இருந்தால் அது சடங்காகச் செய்தது என்று தெரிந்துவிடும்.

தளத்தில் தலைமைப் பயனர், வாங்குபவர், பெறுபவர், பணம் வழங்குபவர் என்று தனித்தனிப் பாத்திரங்கள் உண்டு. ஆள் பற்றாக்குறை என்று வாங்குபவரின் கடவுச்சொல்லை வைத்தே பெறுபவர் வேலையையும் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பொருள் வராமலேயே ‘பெற்றோம்’ என்று பதிவாகும் விவகாரங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஒருவர் மாற்றலாகிப் போகும் நாளிலேயே அவருடைய கணக்கை முடக்கச் சொல்லிக் கடிதம் போகட்டும்.

விற்பனையாளரிடம் தளம் வசூலிக்கும் கட்டணம் 2024 ஆகஸ்டில் குறைந்தது: 10 லட்சம் வரையான ஆணைக்குக் கட்டணம் இல்லை, 10 லட்சத்துக்கு மேல் 10 கோடி வரை 0.30 சதவீதம், அதற்கு மேல் 3 லட்சம் ரூபாய். இது உங்கள் செலவில் சேராது. ஆனால் விலையில் ஏறியிருக்கும்.

7. நாட்கணக்கு

தளத்துக்கு வெளியே விளம்பர டெண்டர் போட்டால், வெளியிட்ட நாளிலிருந்தோ ஆவணம் கிடைக்கத் தொடங்கிய நாளிலிருந்தோ, எது பிந்தையதோ அதிலிருந்து குறைந்தது மூன்று வாரம் தர வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர்களையும் அழைத்தால் நான்கு வாரம். ஆவணத்தை அறிவிப்புக்கு இரண்டு நாள் கழித்து ஏற்றிவிட்டு, அறிவிப்பு நாளிலிருந்து 21 எண்ணுவது வழக்கமான தவறு.

21 நாள் என்பது அடித்தட்டு எல்லை. விலைப்புள்ளி வரும் முன் விற்பனையாளர்களோடு கூட்டம் வைத்தால் 28 நாள் கொடுங்கள்: 8ஆம் நாள் கூட்டம், 12ஆம் நாளுக்குள் கேள்விகளுக்கான பதிலும் திருத்தமும், மீதி 16 நாள் விற்பனையாளர் தயாராவதற்கு. தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம், விலை உறை திறந்து பரிந்துரைக்க ஒரு வாரம், நிதிப் பிரிவு ஒப்புதலுக்கு இரண்டு வாரம் வையுங்கள். இன்டென்ட் தொடங்கி ஆணை கையெழுத்தாக மூன்று மாதத்துக்குக் குறையாது. பொருள் வர 45 நாள் சேருங்கள். மார்ச் 31க்குள் பணம் செலவாக வேண்டுமென்றால் செப்டம்பர் முடிவதற்குள் இன்டென்ட் உங்கள் மேசைக்கு வந்தாக வேண்டும். டிசம்பரில் வரும் இன்டென்ட்டுக்காகக் குறுக்குவழி தேடாதீர்கள். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மின்னணு டெண்டர் திறப்புக்கு மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் தேவை. விலைப்புள்ளிகள் திறப்பவர்களின் கையொப்பத்தை வைத்தே பூட்டப்படுகின்றன. எனவே டெண்டரை உருவாக்கும்போதே இருவரில் இருவர், மூவரில் இருவர், நால்வரில் இருவர் என்ற தேர்வு வரும். எப்போதும் நால்வரில் இருவரைத் தேர்ந்தெடுங்கள். இருவரில் இருவர் என்று வைத்து, ஒருவர் மாற்றலாகிப் போய் அவருடைய கையொப்பச் சாதனமும் தொலைந்தால் டெண்டரை ரத்து செய்வதைத் தவிர வேறு வழி இருக்காது. நால்வரின் கையொப்பமும் எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்பதையும் வெளியிடும் முன் பாருங்கள்.

8. இ.எம்.டி.யும் பிணையமும்

இ.எம்.டி. மதிப்பீட்டுத் தொகையில் 2 முதல் 5 சதவீதம். சதவீதமாக எழுதாமல் ரூபாயாக எழுதுங்கள். 30 லட்சம் மதிப்பீட்டுக்கு 60,000 முதல் 1,50,000 வரை. 60,000 என்று போட்டாலே போதும். அது விலைப்புள்ளியின் செல்லுபடிக் காலத்துக்கு மேல் 45 நாள் செல்ல வேண்டும். விலை 90 நாள் செல்லும் என்றால் வங்கி உத்தரவாதம் 135 நாளுக்கு இருக்க வேண்டும். தோற்றவர்களுக்கு, ஒப்பந்தம் கொடுத்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனியாக வாங்கும் இரண்டு உறை முறையில், தொழில்நுட்பக் கட்டத்திலேயே வெளியேறியவர்களுக்கு அந்த முடிவு வெளியான 30 நாளுக்குள் தர வேண்டும். அவர்களையும் கடைசிவரை காத்திருக்க வைப்பது விதிக்கு மாறு. சிறு நிறுவனங்களுக்கு அந்தப் பணம் முடங்குவது பெரிய பாரம்.

சிறு, குறு நிறுவனங்களுக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கும் இ.எம்.டி. விலக்கு உண்டு. நிறைவேற்றப் பிணையத்துக்கு அந்த விலக்கு கிடையாது. வெற்றி பெற்ற எல்லாரும் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘உத்யம் சான்று இருக்கிறது, எதுவும் கட்ட வேண்டாம்’ என்று எழுதிவிட்டுப் பின்னால் தவிக்கும் கோப்புகள் ஏராளம்.

கணக்கு எளிது. ஒப்பந்த மதிப்பு 27,40,000 ரூபாய் என்றால் 3 சதவீதம் 82,200. 5 சதவீதம் 1,37,000. வாரண்டிக் காலம் உட்பட எல்லாக் கடமையும் முடிந்து 60 நாள் வரை அது செல்ல வேண்டும். மூன்றாண்டு வாரண்டி என்றால் மூன்றாண்டும் இரண்டு மாதமும். வங்கி உத்தரவாதம் வந்ததும், அதைக் கொடுத்த கிளைக்கு நீங்களே நேரடியாக எழுதி உண்மைத்தன்மையை உறுதிசெய்யுங்கள். விற்பனையாளர் கொண்டுவந்து கொடுக்கும் உறுதிக் கடிதத்தை ஏற்காதீர்கள். காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பு நினைவூட்ட ஒரு பதிவேடு வையுங்கள்.

9. முன்னுரிமைக் கொள்கைகள்

மதிப்பீட்டுக் குழு அதிகம் தடுமாறுவது இங்கே. இரண்டு கொள்கைகளைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, குறு, சிறு நிறுவனங்களுக்கானது. 2012ஆம் ஆண்டு ஆணைப்படி ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் அவர்களிடமிருந்து வர வேண்டும். அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும் 3 சதவீதம் பெண்கள் நடத்துபவைக்கும். பிரித்துக் கொடுக்கக்கூடிய 100 கருவிகள் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை சொல்லி, வந்தவர் சிறு நிறுவனம் அல்ல, விலை கருவிக்கு 40,000. 15 சதவீதம் சேர்த்தால் 46,000. இதற்குள் விலை போட்ட சிறு நிறுவனம், 44,500 சொன்னது என்று கொள்வோம், அதை அழைத்து 40,000க்குத் தர முடியுமா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால் குறைந்தது 25 கருவிகளுக்கான ஆணை அதற்கு. விலை 46,500 சொன்னவரை அழைக்க வழியில்லை. பொருளைப் பிரிக்க முடியாது என்றால் முழு ஆணையும் ஒப்புக்கொண்ட சிறு நிறுவனத்துக்குப் போகலாம். எனவே பிரிக்கலாமா கூடாதா என்பதை டெண்டர் ஆவணத்திலேயே சொல்லிவிடுங்கள். திறந்த பிறகு முடிவெடுத்தால் யாருக்காகவோ முடிவெடுத்ததாகத்தான் தெரியும். இது உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்குமான சலுகை. வாங்கி விற்கும் வணிகருக்கு இல்லை. உத்யம் சான்றில் தொழில் வகை என்ன என்று பாருங்கள். இந்த நிறுவனங்களிடம் மட்டுமே வாங்க வேண்டிய 358 பொருட்களின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. இன்டென்ட் வந்ததும் அதைப் புரட்டிவிடுங்கள்.

இரண்டாவது, மேக் இன் இந்தியா ஆணை. உள்நாட்டு மதிப்பு, அதாவது பொருளின் மதிப்பில் இந்தியாவில் சேரும் பங்கு, 50 சதவீதமோ மேலோ இருந்தால் முதல் வகுப்பு உள்நாட்டு விற்பனையாளர், 20 முதல் 50க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. எல்-1 முதல் வகுப்பு இல்லையென்றால், பிரிக்கக்கூடிய பொருளில் பாதி எல்-1க்கு. மீதிப் பாதிக்கு, 20 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்கும் முதல் வகுப்பு விற்பனையாளரை எல்-1 விலைக்கு அழைக்க வேண்டும். 5 லட்சத்துக்குக் குறைந்த கொள்முதலுக்கு இந்த ஆணை பொருந்தாது. 200 கோடி வரை உலகளாவிய டெண்டர் உரிய ஒப்புதலின்றிக் கூடாது. சான்றுறுதியில் சதவீதமும் அந்த மதிப்பு எந்த இடத்தில் சேர்கிறது என்பதும் இருக்க வேண்டும். ‘எங்கள் பொருள் மேக் இன் இந்தியா’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தை ஏற்காதீர்கள். 10 கோடிக்கு மேல் போனால் தணிக்கையாளரின் சான்று வேண்டும்.

இரண்டும் ஒரே டெண்டரில் மோதும்போது எந்த வரிசையில் அழைப்பது என்பதற்குச் செலவினத் துறை 2023 மே மாதம் தனிக் குறிப்பாணை வெளியிட்டிருக்கிறது. அதன் அட்டவணையை அப்படியே மதிப்பீட்டுக் குழுவின் படிவத்தில் இணைப்பாகச் சேருங்கள். மனக்கணக்கில் செய்ய வேண்டாம்.

10. மதிப்பீட்டில் கைவைக்கக் கூடாத இடங்கள்

நேரம் கடந்து வந்த விலைப்புள்ளியைப் பார்க்கவே கூடாது. விலை திறந்த பிறகு பேரம் பொதுவாகக் கூடாது. தவிர்க்க முடியாத விதிவிலக்கில் எல்-1ஓடு மட்டும், காரணத்தை எழுதிவைத்துப் பேசலாம். எல்-2வைக் கூப்பிட்டு ‘இன்னும் குறைப்பீர்களா’ என்று கேட்டால் முழு டெண்டரும் விழும்.

ஒரே ஒரு விலைப்புள்ளி வந்தால் உடனே ரத்து செய்து மறு டெண்டர் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது கட்டாயம் இல்லை. முறையாக விளம்பரம் செய்திருந்து, தகுதி நிபந்தனைகள் அளவுக்கு மீறி இறுக்கமாக இல்லாமல், விலையும் நியாயமாக இருந்தால் அந்த ஒன்றையே ஏற்கலாம். இந்த மூன்றையும் குழு தன் பரிந்துரையில் தனித்தனிப் பத்தியாக எழுத வேண்டும். மறு டெண்டரால் இரண்டு மாதம் போவதோடு, முதல் விலையும் ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் முறை விலை ஏறிவரும்.

11. பொருள் வந்த பிறகு

ஜெம் தளத்தில் பொருள் வந்த 48 மணி நேரத்துக்குள் தற்காலிகப் பெறுகைச் சான்று, சரிபார்த்து 10 நாளுக்குள் ஏற்புச் சான்று, அதிலிருந்து 10 நாளுக்குள் பணம். சரிபார்க்கும் பொறியாளர் விடுப்பில் இருக்கிறார் என்று 10 நாளைக் கடத்தினால், குறையுள்ள பொருளை நிராகரிக்கும் வாய்ப்பே கைநழுவும். அதனால் ஆணை கொடுக்கும்போதே சரிபார்ப்பவர் ஒருவரையும் அவர் இல்லாதபோது செய்பவர் ஒருவரையும் பெயர் போட்டு நியமியுங்கள்.

தாமதத்துக்கு வாரத்துக்கு 0.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் என்பது வழக்கமான இழப்பீடு. இதைக் கழிக்கும் முன் தாமதத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். மின் இணைப்பு தராமல் வைத்திருந்த நாட்களுக்கும் சேர்த்து விற்பனையாளரிடம் பிடிப்பது நியாயமும் இல்லை, வழக்கில் நிற்கவும் நிற்காது.

வரிக்கு முந்தைய ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டிக்காக 2 சதவீதம் மூலத்தில் பிடிக்க வேண்டும். அதுவும் வரி சேர்க்காத தொகையில். சிறு, குறு நிறுவனங்களுக்குப் பணம் அதிகபட்சம் 45 நாளுக்குள் போக வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மும்மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாக ஏறும். அந்த வட்டியை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று தேடும் நிலைக்கு வராமல், பில் வந்த தேதியை முத்திரையிட்டுப் பதிவேட்டில் ஏற்றி, 30ஆம் நாளில் ஒரு சிவப்புக் குறி போடச் சொல்லுங்கள்.

12. அடுத்த குறிப்பாணைக்கு ஒரு பதிவேடு

ஐந்து பத்திகள் கொண்ட ஒரு பேரேடு போதும்: குறிப்பாணை எண்ணும் தேதியும், மாறிய விதி, பாதிக்கப்பட்ட படிவங்கள், அவற்றைத் திருத்திய தேதி, திருத்தியவர் கையெழுத்து. மாதத்தின் முதல் வேலை நாளில் ஒருவர் செலவினத் துறையின் கொள்முதல் கொள்கைப் பிரிவுப் பக்கத்தைப் பார்த்து, எதுவும் வரவில்லை என்றாலும் ‘புதிதாக எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடட்டும். மாற்றலாகிப் போகும்போது இந்தப் பேரேட்டைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் முதல் வரியாகச் சேருங்கள்.